ஆசிட் தொட்டியில் தைலம்: போர் மோட்டார் பட்டறையில் பார்த்த சோதனை

8 சதவீத ஆசிட்டில் ஆறு மணி நேரம் தொங்கிய இரும்புப் பட்டை 0.42 கிராம் கரைந்தது. அதே ஆசிட்டில் லிட்டருக்கு 2 மி.லி. கிராம்பு எண்ணெய் கலந்தபோது கரைந்தது 0.08 கிராம்தான். ஆசிட் தின்னவேண்டிய இரும்பில் ஐந்தில் நான்கு பங்கு தப்பித்துவிட்டது. இவ்வளவு நல்ல எண் வந்தும் எங்கள் பட்டறையின் பெரிய தொட்டியில் இன்றைக்குக் கிராம்பு எண்ணெய் கிடையாது. தைல மரத்து (யூகலிப்டஸ்) இலை வெந்த தண்ணீர்தான் ஓடுகிறது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தருமபுரியில், பென்னாகரம் போகிற வழியில், போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்த பிறகு குடிக்கிற தண்ணீர்க் கவலை கொஞ்சம் குறைந்தது. தோட்டத்துக்கு இன்னும் போர்தான். ஆயிரம் அடி என்பது இப்போது சர்வசாதாரணம். அந்த ஆழத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். பம்பை மேலே ஏற்றிப் பார்த்தால் பவுல் (பம்பின் கூடு), பிளாஞ்ச் (குழாயை இணைக்கும் வட்டத் தகடு), போல்ட் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறியிருக்கும், அதற்குக் கீழே துரு. சுத்தியலால் தட்டினால் வார்ப்பிரும்பு உடைந்துவிடும். அதனால் எல்லாப் பட்டறையிலும் செய்வதுபோல நாங்களும் ஆசிட்டில் ஊறப் போடுகிறோம். கெமிக்கல் கடையில் கேனில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் 8 சதவீதத்துக்குப் பக்கமாக வரும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு சீக்கிரம் போய்விடும். தொல்லை அதற்கப்புறம்தான். துரு கழன்றதும் ஆசிட் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். முதலில் அடிபடுவது மரை, அதாவது போல்ட் ஏறும் திருகு. இரண்டு மூன்று தடவை ஆசிட்டில் குளித்த பிளாஞ்சில் போல்ட் லொடலொடவென்று ஆடும். பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படிப்பட்ட பிளாஞ்சைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "ஏம்பா, கழுவக் குடுத்தா கரைச்சுல்ல குடுத்திருக்க?" என்று கேட்டார். புது பிளாஞ்ச் போட்டுக் கொடுத்தோம்.

இதற்குக் கடையில் மருந்து இல்லாமல் இல்லை. ஹெக்சமின் என்ற வெள்ளைத் தூள், லிட்டருக்கு 5 கிராம் போட்டால் ஆசிட் அடங்கும். ஆனால் ஆசிட்டுக்குள் அது உடைந்து ஃபார்மால்டிஹைடை விடும். மூடி திறந்தால் கண் எரியும், பட்டறைப் பையன் இருமுவான். நான் படித்தது வேதியியல். கல்லூரியில் படித்தபோது எங்களைக் காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அழைத்துப் போனார்கள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகளில் இரும்புத் துண்டுகளை ஆசிட்டில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிட் இரும்பைத் தின்னாமல் காக்கும் தடுப்பானாகச் செடி எண்ணெய்களையும் இப்படிச் சோதிப்பார்கள் என்று அப்போது கேட்டது நினைவிலேயே இருந்தது. மொராக்கோ நாட்டு ஆய்வாளர்கள் புதினா, ரோஸ்மேரி என்று அந்த ஊரில் விளையும் வாசனைச் செடி எண்ணெய் பலவற்றையும் இதே முறையில் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் தைல மரம் இருக்கிறதே, பார்த்துவிடலாம் என்று தொடங்கினேன்.

முதலில் எண்ணெய் எடுக்கிற வேலை. 40 லிட்டர் அலுமினியப் பால் கேன், அதன் அடியில் செங்கல் துண்டுகள்மேல் துளை போட்ட தகடு, தகட்டுக்குக் கீழே 12 லிட்டர் தண்ணீர், மேலே ஒரு நாள் நிழலில் வாடிய 6 கிலோ தைல இலை. மூடியில் துளையிட்டு, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் வாங்கிய கால் இஞ்ச் செம்புக் குழாயைப் பொருத்தி, அதைச் சுருளாக வளைத்துத் தண்ணீர் வாளிக்குள் விட்டேன். முதலில் மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் குழாய் போட்டிருந்தேன். தைல ஆவி பட்டு அது கொழகொழவென்று ஊதிக் கழன்றுவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய விஷயமாக வரும். அப்புறம் செம்பையே மூடியில் பற்றவைத்து, மூடி ஓரத்தைக் கோதுமை மாவால் அடைத்தேன். அழுத்தம் ஏறினால் மாவுதான் முதலில் விட்டுக்கொடுக்கும், அது ஒரு பாதுகாப்பு. கால் இஞ்ச் குழாய் ரொம்பச் சின்னது. அடுத்த தடவை அரை இஞ்சாவது போடுவேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரித்துக் கிடைத்தது 35 மி.லி. எண்ணெய். விறகை விலைக்கு வாங்கினால் கட்டுப்படி ஆகாது. கேனின் அடியில் மிஞ்சிய, டீ டிகாஷன் நிறத்துத் தண்ணீரைக் கீழே கொட்டத்தான் போனேன். பையன்தான், "அண்ணா, வாளிய அலசறதுக்கு ஆவும், இருக்கட்டும்" என்று ஒரு கேனில் பிடித்து வைத்தான். லெமன் கிராஸ் எண்ணெயையும் கிராம்பு எண்ணெயையும் கடையில் வாங்கினேன்.

இனிச் சோதனைத் துண்டுகள். ஒரு இஞ்ச் அகலம், 3 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டாவை 50 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, ஓரத்தில் 3 மி.மீ. துளை போட்டு, எண் குத்தி, 120-ம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 400 வரை தேய்த்தேன். எல்லாத் துண்டும் ஒரே பட்டாவிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும். இரும்புக் கடையில் வேறு வேறு லாட்டிலிருந்து எடுத்தால் எண்கள் அலைபாயும். ஒரு துண்டின் மேற்பரப்பு கிட்டத்தட்ட 30 சதுர செ.மீ., எடை 29 கிராம் சொச்சம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அரை லிட்டர் ஆசிட், தூண்டில் நரம்பில் கட்டிய துண்டு, ஆறு மணி நேரம். எடுத்ததும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணிச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு செல்போன் கடைகளில் சர்க்யூட் கழுவ வைத்திருக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு, சூட்டுக் காற்றில் உலர்த்தி எடை. என்னிடம் இருந்தது 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. சந்தேகம் வந்த துண்டுகளை மட்டும் கடைத்தெருவில் நகை செய்யும் அண்ணனிடம் கொண்டுபோய் மில்லிகிராமில் பார்த்தேன். "தங்கத்தை இப்படி ஆசிட்டுல போட்டுப் பாக்கறவனப் பாத்திருக்கேன், இரும்பப் போடறவன இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

பாட்டில்களை வைத்த இடம் முதலில் லேத்துக்குப் பக்கத்தில். ஆசிட் ஆவியில் லேத் படுக்கையே துருப்பிடித்துவிட்டது. உடனே எல்லாவற்றையும் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினேன்.

தைல எண்ணெயை ஆசிட்டில் நேராக ஊற்றினால் என்ன ஆகும் என்பது ஊற்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மேலே மிதக்கும், அவ்வளவுதான். ஒரு துண்டு 0.31 கிராம் இழந்தது, பக்கத்துப் பாட்டிலில் இன்னொன்று 0.38. துண்டை உள்ளே இறக்கும்போது எண்ணெய்ப் படலத்தைக் கடந்துதான் இறக்க வேண்டும், அப்போது எங்கே ஒட்டியதோ அங்கே மட்டும் இரும்பு பிழைத்திருந்தது. துண்டின் மேல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. இந்த எண்ணை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

கலக்கி வைக்க வழி தேடினேன். சோப்புத் தண்ணீரில் குலுக்கி ஊற்றினால் ஆசிட் பட்டதும் சோப்பு தயிராகத் திரிந்து மேலே வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் திரவம் திரியவில்லை, நன்றாகவே கலந்தது. ஆனால் சுண்ணாம்பு ஏறிய சாமானைப் போட்டதும் தொட்டி பொங்கித் தரையெல்லாம் நுரை. தவிர, எண்ணெயே இல்லாமல் அந்தத் திரவத்தை மட்டும் போட்ட பாட்டிலிலும் இழப்பு குறைந்தது. அப்படியானால் காப்பாற்றுவது எண்ணெயா, பாத்திர சோப்பா? இந்த வெறும் பாட்டிலை வைத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் பாராட்டு முழுவதும் தைலத்துக்குப் போயிருக்கும்.

கடைசியில் வேலை செய்தது அதே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 10 மி.லி. எண்ணெயை 90 மி.லி. ஆல்கஹாலில் கரைத்து, அதை ஆசிட்டில் மெல்லக் கலக்கிக்கொண்டே ஊற்றினால் பாலாக மாறி நிற்கும். சில மணி நேரத்தில் மேலே ஏடு கட்டும், மணிக்கு ஒரு தரம் கண்ணாடிக் குச்சியால் கலக்கிவிட வேண்டும். வெறும் ஆல்கஹால் மட்டும் சேர்த்த பாட்டிலில் இழப்பு 0.41 கிராம். ஆக அதற்குத் தனியாக எந்தப் பங்கும் இல்லை. தீப்பிடிக்கும் பொருள் என்பதையும், ஆசிட்டில் இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்தில் வெல்டிங், பீடி எதுவும் ஆகாது.

இப்படிக் கலந்த பிறகுதான் எண்கள் ஒழுங்காக வந்தன. எண்ணெய் எல்லாம் லிட்டருக்கு 2 மி.லி. கணக்கு. வெறும் ஆசிட்டில் 0.42. நான் காய்ச்சிய தைலத்தில் 0.19, அதாவது 55 சதவீதம் காப்பு. லெமன் கிராஸில் 0.13, 69 சதவீதம். கிராம்பு 0.08, 81 சதவீதம். ஒப்பிட வைத்த ஹெக்சமின் 0.07, 83 சதவீதம். கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். அதன் வளையமும் ஆக்சிஜனும் இரும்பின்மேல் நன்றாக ஒட்டிக்கொள்ளும், தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் அந்த அளவுக்கு ஒட்டாது என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் கோட்பாட்டுக்குள் போகவில்லை.

பையன் பிடித்து வைத்த டிகாஷன் தண்ணீர் நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான். எண்ணெய்க்குத்தான் கலக்கும் பிரச்சினை, இது ஏற்கெனவே தண்ணீராயிற்றே. பாட்டிலில் 125 மி.லி. ஆசிட், 150 மி.லி. டிகாஷன், மீதி தண்ணீர். இழப்பு 0.14. 67 சதவீதம்! காய்ச்சி எடுத்த எண்ணெயைவிட அதன் கழிவு நன்றாகக் காத்தது. தைல இலையில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய உண்டு, அது ஆவியோடு போகாமல் அடித் தண்ணீரில் தங்கிவிடுகிறது. விறகு எரித்து வடித்த 35 மி.லி.யைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

பாட்டிலில் வந்தது தொட்டியில் வருமா என்பது வேறு கேள்வி. பளபளவென்று தேய்த்த பட்டா எந்த விவசாயியின் பம்பிலும் இல்லை. அதனால் பாட்டிலுக்குள் நன்றாகத் துருப்பிடித்த பழைய போல்ட் நான்கைப் போட்டு, அதே ஆசிட்டில் சுத்தமான துண்டையும் தொங்கவிட்டேன். கிராம்பு எண்ணெய் இருந்தும் இழப்பு 0.19-க்கு ஏறியது. துரு கரைந்தால் ஆசிட் மஞ்சளாகும். அந்த மஞ்சளில் இருக்கும் ஃபெரிக் இரும்பே நல்ல இரும்பைத் தின்னும், எண்ணெய்ப் படலத்தால் அதைச் சரியாக நிறுத்த முடிவதில்லை. ஆகவே ஊறப் போடும் முன் கம்பி பிரஷ்ஷால் உதிர்துருவை எடுப்பது, மஞ்சள் ஏறிய பழைய ஆசிட்டை மாற்றுவது என்ற இரண்டு பழக்கமும் எந்தத் தடுப்பானையும்விடப் பட்டறைக்கு அதிக லாபம் தந்தன. முன்பெல்லாம் ஆசிட் தீரும்வரை, பச்சை பச்சையாகும் வரை, அதிலேயே போட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்தது வெயில். எங்கள் கொட்டகை தகரக் கூரை. சித்திரையில் மதியம் இரண்டு மணிக்குப் பாட்டிலுக்குள் 44 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டில் வெறும் ஆசிட் 0.98 கிராம் தின்றது. தைல எண்ணெய் 0.67-இல் நின்றது, அதாவது காப்பு 55-இலிருந்து 32 சதவீதமாக விழுந்துவிட்டது. கிராம்பு 0.33, 66 சதவீதம். சூடு ஏறினால் படலம் இரும்பைவிட்டுக் கழன்றுகொள்கிறது. டிகாஷனைப் பகலில் இப்படிப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். இப்போது ஊறப் போடுவதெல்லாம் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் வெளியே.

தொட்டியில் கிராம்பு எண்ணெய் ஊற்றியே பார்த்துவிட்டேன். 20 லிட்டர் தொட்டிக்கு 40 மி.லி. எண்ணெய், கிலோ 1,800 ரூபாய்க்கு வாங்கியது, ஏறக்குறைய 75 ரூபாய். அதைக் கரைக்க 360 மி.லி. ஆல்கஹால், 72 ரூபாய். தொட்டியிலுள்ள ஆசிட்டின் விலையே 90 ரூபாய்தான். காவல்காரன் சம்பளம் கடை வியாபாரத்தைவிடக் கூடிவிட்டது. ஹெக்சமின் என்றால் 100 கிராம், 25 ரூபாயோடு முடிந்துவிடும். சரி, மரை பிழைத்தால் அந்த 150 ரூபாயைத் தரலாம் என்று நினைத்தபோதுதான் மற்ற இரண்டு சிக்கலும் வந்தன.

ஒன்று ரப்பர் புஷ். பம்பில் ஷாஃப்ட் ஓடும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அதைக் கழற்றாமல் பவுலோடு சேர்த்து ஊறப் போட்டோம். எண்ணெய் குடித்துப் புஷ் ஊதிவிட்டது, ஷாஃப்டைக் கையால் சுற்ற முடியவில்லை. காய்ச்சும்போது ரப்பர் குழாய் ஊதியது ஏற்கெனவே சொன்ன சேதிதான் இது. மாட்டியிருந்தால் மோட்டார் காயில் எரிந்திருக்கும்.

இன்னொன்று பெயின்ட். கழுவி உலர்த்திய கிளாம்ப்களில் ரெட் ஆக்சைடு அடித்தால் அங்கங்கே பெயின்ட் விலகிக் கண் கண்ணாகத் தெரிந்தது. இரும்பை ஆசிட்டிலிருந்து காத்த அதே படலம் பெயின்டையும் ஒட்டவிடவில்லை. வெந்நீரில் லிட்டருக்கு 50 கிராம் துணிச் சோடா போட்டு, பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்த பிறகு சரியானது. இது கூடுதல் வேலை, கூடுதல் வெந்நீர். வாசனையும் எளிதில் போவதில்லை. இதற்கு முன்னால் தைல எண்ணெய் ஊற்றிக் கழுவிய பம்ப் ஒன்றை இறக்கிய வீட்டிலிருந்து, "தண்ணியில தலைவலி மருந்து வாசன வருதுப்பா" என்று போன் வந்தது. ஒரு மணி நேரம் ஓட விட்டபின் போய்விட்டது. சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் குடிக்கிற தண்ணீர் போர் என்றால் சிரித்துவிட்டுப் போக முடியாது.

டிகாஷனில் எண்ணெய் ஏறக்குறைய இல்லை என்பதால் ரப்பரும் ஊதவில்லை, பெயின்டும் விலகவில்லை. அதன் குறை வேறு. கழுவிச் சோடாவில் முக்கியதும் சாமான் கருநீலமாக மாறிவிடும். டானினும் இரும்பும் சேர்ந்தால் இப்படித்தான், கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை செய்ததும் இதே வேலையால்தான். முதலில் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், கழுவவே இல்லை என்று சண்டைக்கு வந்தார். பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி போகும், மீதியின்மேல் ரெட் ஆக்சைடு நன்றாகவே பிடிக்கிறது. இன்னொரு சௌகரியமும் தெரிந்தது. ஆசிட்டில் கழுவிய இரும்பு சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்கும், இந்தக் கருமை ஏறியது மறுநாள் காலைவரை தாங்கியது. பெயின்ட் அடிப்பவன் வராத நாட்களில் இது பெரிய உதவி.

இப்போது தொட்டிக் கணக்கு இப்படி: 5 லிட்டர் ஆசிட், 6 லிட்டர் டிகாஷன், 9 லிட்டர் தண்ணீர். டிகாஷனுக்காக இனி எண்ணெய் வடிப்பதில்லை. மூடியில்லாத அண்டாவில் 6 கிலோ இலையை 12 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, பழைய வேட்டியில் இரண்டு மடிப்பாக வடிகட்டினால் போதும். அலுமினிய அண்டா வேண்டாம், கறை போகாது. இலை தூள் ஆசிட்டுக்குள் போனால் மரையில் அடைத்துக்கொள்ளும், அதனால் வடிகட்டுவதில் சோம்பல் கூடாது. நான்கைந்து நாளில் டிகாஷன் பூஞ்சை பிடித்து நாறும், வேண்டிய அளவுக்கு மட்டும் போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப், கப்ளிங் எதையும் இந்தத் தொட்டியில் விடுவதில்லை. துத்தநாகத்தை ஆசிட் நிமிடத்தில் வழித்துவிடும், அங்கே இலைச் சாறு ஒன்றும் செய்யாது. தீர்ந்த ஆசிட்டைச் சுண்ணாம்பு போட்டு நுரை அடங்கும்வரை கலக்கி, அடியில் தங்கும் சேற்றைத் தனியாக எடுத்து வைக்கிறோம்.

மிச்சமிருந்த கிராம்பு எண்ணெய் வீணாகவில்லை. சின்னப் போல்ட், நட், ஸ்பிரிங் வாஷர் மாதிரி ரப்பரும் பெயின்டும் இல்லாத சாமானுக்கு ஒரு லிட்டர் பாட்டில் தனியாக வைத்திருக்கிறேன். அதில் 2 மி.லி. ஒரு பொருட்டே இல்லை, மரையும் கூர்மையாக நிற்கிறது.

அடுத்து மாற்ற நினைப்பது துண்டுகளின் நேரத்தை. ஆறு மணி நேரம் என்பது தராசுக்காக வைத்தது, நிஜத்தில் எந்த பிளாஞ்சும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊறுவதில்லை. மில்லிகிராம் தராசு ஒன்று வாங்கினால் ஒரு மணி நேர இழப்பையே நேராகப் பார்க்கலாம். விலை நான்காயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். அதுவரை நகைக்கடை அண்ணன்தான். சித்தேரி மலையிலிருந்து வந்த கடுக்காய் இரண்டு கிலோ சாக்கில் இருக்கிறது, தைல இலையைவிட அதில் டானின் அதிகம். லிட்டருக்கு 10 கிராம் தூளில் தொடங்குவதாக இருக்கிறேன், அதையும் 44 டிகிரியில் வைத்தே பார்க்கப் போகிறேன்.